ஒன்பதாம் படித் தாத்தாவின் வயது

அக்டோபர் 5, வியாழன்

புது நோட்டு. பழைய நோட்டில் பால் கணக்கும் ஒளியாண்டுக் கணக்கும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இதிலாவது எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

காலைப் பாராயணம் முடித்து, சோற்றை வடித்து வைத்துவிட்டு மாவட்ட நூலகத்துக்குப் போனேன். பதினொரு வருடமாகப் போகிறேன். சமையல் புத்தகம் தேடிப் போனவள் பக்கத்து அலமாரியில் கை வைத்ததில் ஆரம்பித்தது. ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வாசித்து முடித்தேன். பத்தாவதோடு நின்றவளுக்கு அது போதும். மேலே படிக்கவில்லையே என்று எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

ஜெபமணி டீச்சர் வந்திருந்தார்கள். கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். புதிதாக வாசிக்கப் பழகிய பெண்களுக்காகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போடுகிறார்கள். ரத்தசோகை பற்றி ஒன்று, தேனீ பற்றி ஒன்று. அடுத்தது பிரபஞ்சம். அதற்காக நான் எழுதிக் கொடுத்திருந்த நான்கு பக்கத்தைத் திருப்பித் தந்தார்கள்.

"எல்லாம் சரியா இருக்கு சங்கரவடிவு. ஒரு பிழை இல்ல. ஆனா நீங்க யாருகிட்டப் பேசுதீங்க? எங்கிட்ட மார்க்கு போடச் சொல்லுத மாதிரில்லா இருக்கு!"

முகம் சுருங்கிவிட்டது போல. உடனே சொன்னார்கள், "ஒரு பேராசிரியரும் எழுதித் தந்திருக்காரு. நவராத்திரி முடியவும் ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணணும்."

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "எங்க வீட்டுக் கொலுவுக்கு வாங்க டீச்சர். இந்த வருசம் பிரபஞ்சத்தையே கொலு வைக்கப் போறேன். நான் யாருகிட்டப் பேசுதேன்னு அங்க வந்து பாருங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "அஷ்டமி ஞாயித்துக்கெழம. சாயங்காலம் வாரேன்."

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஆசை என்று இல்லை. யார் எழுதினாலும் நல்லதுதான். நாற்பத்தெட்டுப் பக்கம், பக்கத்துக்கு இருபது வரி, ஆக மொத்தம் தொள்ளாயிரத்து அறுபது வரி. சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 7, சனி

ஒன்பது படி. கிடைத்துவிட்டது! வெங்காயம் உரிக்கும்போது கிடைத்தது, கண்ணீரோடு எழுந்து வந்து எழுதுகிறேன்.

படி ஏற ஏற தூரம். முதல் படியில் பாளையங்கோட்டை, எங்கள் தெரு, எங்கள் வீடு. இரண்டில் சந்திரன். மூன்றில் சூரியன். நான்கில் சுவாதி நட்சத்திரம். ஐந்தில் நம் பால்வெளியின் நடுப்பகுதி. ஆறில் பக்கத்துப் பால்வெளியான ஆண்ட்ரோமீடா. ஏழில் கன்னி ராசிப் பக்கம் தெரிகிற பால்வெளிக் கூட்டம். எட்டில் மிக மிகத் தொலைவில் இருக்கிற பால்வெளிகள். ஒன்பதாவதில், அதற்கு மேல் பார்க்கவே முடியாத அந்த முதல் வெளிச்சம். அதன் தலைக்கு மேல் கலசம்.

இதில் விசேஷம் என்னவென்றால், வெளிச்சம் நடந்து வர நேரம் எடுக்கிறது. சந்திரனிலிருந்து ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூட. சூரியனிலிருந்து எட்டு நிமிடம். சுவாதியிலிருந்து முப்பத்தேழு வருடம். ஆண்ட்ரோமீடாவிலிருந்து இருபத்தைந்து லட்சம் வருடம். ஒன்பதாம் படியிலிருந்து ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடம். வெளிச்சம் புறப்பட்ட அன்று அங்கே என்ன இருந்ததோ அதைத்தான் இன்று பார்க்கிறோம். ஆகவே என் கொலுவில் தூரம் ஏறும்போதே காலமும் பின்னால் போகும்!

வீட்டில் அவர்களிடம், என் கணவரிடம்தான், ஓடிப்போய்ச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். இன்னும் ஏழு மாதத்தில் ஓய்வு. பேப்பரை இறக்காமலே, "சுண்டலுக்கு என்ன ஏற்பாடு?" என்றார்கள்.

அக்டோபர் 9, திங்கள்

பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகள் இறங்கின. தசாவதார செட்டில் வாமனருக்குக் குடைக்கம்பி இல்லை. துடைப்பக்குச்சி செருகினேன்.

வேலை முடிந்து வந்த அவர்கள் பெரிய தெர்மோகோல் உருண்டை ஆறு கொண்டுவந்தார்கள். நான் கேட்கவில்லை. "கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்றார்கள்.

அக்டோபர் 12, வியாழன்

உருண்டைகளுக்கு வர்ணம் ஆயிற்று. சூரியனுக்கு மஞ்சளோடு கொஞ்சம் குங்குமம். பால்வெளியைப் பித்தளைத் தாம்பாளத்தில் அரிசி மாவால் சுழித்து வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் தும்மக்கூடாது.

வெறும் உருண்டையும் தாம்பாளமும் இருந்தால் கொலு ஆகுமா? ஒவ்வொரு படியிலும் அதன் வயதைக் காட்ட பொம்மைகள் வைக்கிறேன். கீழே பக்கத்தில் இருப்பது இன்றைய சங்கதி, ஆகவே தவழும் கிருஷ்ணர்கள். நடுவில் கல்யாண செட். மேலே போகப் போக நரை. எட்டாம் படியில் தாடி வைத்த ரிஷிகள். ஒன்பதாவதில் மிகப் பழையது அல்லவா, அதற்கு வெள்ளைத் தாடி வைத்த தலையாட்டித் தாத்தா. பெரியவர்கள் மேலே, பிள்ளைகள் கீழே. கொலுவுக்கும் அதுதானே முறை. அறிவியலும் முறையும் இப்படிப் பொருந்தி வந்ததில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அக்டோபர் 15, ஞாயிறு. பிரதமை

காலையில் நல்ல நேரம் பார்த்துக் கலசம் வைத்தாயிற்று. இனி தசமி வரைக்கும் ஒரு பொம்மையும் இடம் மாறாது. எங்கள் அம்மா வீட்டில் ஒரு வருடம் செட்டியார் பொம்மையை முதுகைக் காட்டி வைத்துவிட்டோம். பத்து நாளும் அவர் சுவரைப் பார்த்துத்தான் கடை நடத்தினார். கலசம் வைத்தால் வைத்ததுதான்.

சாயங்காலம் பதினான்கு பேர். கடலைப்பருப்புச் சுண்டல் ஒரு படி போட்டது சரியாக இருந்தது. யார் யார் வந்தார்கள் என்று வழக்கம்போலப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். விட்டுப்போனால் மனத்தாங்கல் வரும்.

எல்லாருக்கும் படிப்படியாகச் சொன்னேன். கேட்டார்கள்! நின்று கேட்டார்கள்! "ஒன்பதாம் படியில் தலையாட்டுகிறாரே, அவர்தான் பிரபஞ்சத்தின் தாத்தா. அதுக்கு மேல் கிழடு கிடையாது" என்று முடித்தபோது இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அக்டோபர் 16, திங்கள்

பதினெட்டுப் பேர். பக்கத்து வீட்டுப் பிரமு அக்கா மறுபடியும் வந்தாள். அவள் வந்தால் வீடு நிறைந்த மாதிரி. அவளுக்குக் கல்யாணம் ஆகி இந்த ஐப்பசியோடு முப்பத்தேழு வருடம் என்பது எனக்குத் தெரியும். அவளை நான்காம் படிக்கு நேரே நிறுத்தினேன்.

"எக்கா, சுவாதி நட்சத்திரத்துல யாராவது இருந்து, நம்ம ஊரப் பாக்க அளவுக்குப் பெரிய கண்ணாடி வச்சிருந்தா, அவுகளுக்கு இப்பத்தான் ஒங்க கல்யாணம் நடந்துகிட்டு இருக்கும்."

பிரமு அக்கா கழுத்தை நீட்டிப் படியைப் பார்த்தாள்.

"இன்னும் தாலி கட்டலையே?"

"கட்டப்போற நேரம்."

"அப்ப ஒரு ஆள அனுப்பி நிறுத்தச் சொல்லு, வடிவு!"

வெளிச்சத்தைவிட வேகமாக எந்த ஆளும் போக முடியாது, அதனால் நம் செய்தி போய்ச் சேர இன்னும் முப்பத்தேழு வருடம் ஆகும் என்றேன்.

"வெளங்கும். அதுக்குள்ள நாலு பிள்ள பெத்துருவேனே!"

சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் குலுங்கிவிட்டார்கள். எந்தச் செய்தியும் வெளிச்சத்தை முந்தாது என்ற பெரிய விதியைப் பதினெட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். இது தெரிந்தால் ஜெபமணி டீச்சர் என்ன சொல்வார்களோ! இன்னும் ஆறு நாள். நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்டோபர் 17, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் வந்தவர்களில் எதிர்வீட்டு மருமகள் செண்பகமும் இருந்தாள். கல்யாணம் ஆகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. படிக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைப் பார்த்து, "அத்தை, இது யாரு, ஒங்க தங்கச்சியா?" என்றாள்.

"நாந்தான். கல்யாணத்தன்னைக்கு எடுத்தது."

"அய்ய, எம்புட்டுச் சின்னப்பிள்ளையா இருக்கீய!"

பிரமு அக்கா சுண்டலை மென்றுகொண்டே சொன்னாள். "பழைய போட்டோவுல சின்னப்பிள்ளையாத்தான்ளா இருப்பா. பழைய போட்டோவுல கெழவியாவா இருப்பா?"

குங்குமச்சிமிழ் கையில் அப்படியே நின்றுவிட்டது.

நான் ஒன்பதாம் படியைப் பார்த்தேன். தாத்தா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மேல்படிகளில் நாம் பார்ப்பது பழைய வெளிச்சம். பழைய வெளிச்சம் என்றால் பழைய போட்டோ. பழைய போட்டோவில் இருப்பவர் இளசு. தூரத்துப் பால்வெளிகளை நாம் அவை பிறந்து தவழ்ந்த காலத்தில்தான் பார்க்கிறோம். ஒன்பதாம் படியில் இருப்பது பிரபஞ்சத்தின் தாத்தா இல்லை. பிறந்த குழந்தை. பழையது என்றதும் பெரியவர் என்று எடுத்து மேலே உட்கார வைத்துவிட்டேன். கிழவர்கள் கீழ்ப்படியில் இருக்க வேண்டும். ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வயது ஆனது இங்கேதான், இந்தப் பாளையங்கோட்டைதான் கிழடு!

என் கொலு தலைகீழாக இருக்கிறது. அம்பாள் முன்னால் மூன்று நாளில் நாற்பத்து மூன்று பேரிடம் தலைகீழாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 18, புதன்

காராமணிச் சுண்டல். உப்பு கூடிவிட்டது. வந்த ஐந்தாறு பேரும் முன்பே வந்தவர்கள்தான். படியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அதுவும் பொய்.

அக்டோபர் 19, வியாழன்

விடியற்காலையில் எழுந்து தாத்தாவையும் கிருஷ்ணரையும் இடம் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. படிக்கு முன்னால் போய் நின்றேன். கலசத்துத் தேங்காயைப் பார்த்தேன். திரும்பி வந்து காப்பி போட்டேன்.

மாற்றவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வருவார்கள், முப்பது வருடம் இதையே நடத்தியவர்கள், பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார்கள். நாற்பத்தெட்டுப் பக்கமும் பேராசிரியருக்குப் போய்விடும். போகட்டும். எனக்கு ஆசை இல்லை என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், எழுதித்தான் இருக்கிறது.

சாப்பிடும்போது அவர்களே கேட்டார்கள். "என்ன, ரெண்டு நாளா ஒம்பதாம் படிச் சத்தத்தையே காணும்?"

சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டாண்டுல சில நேரம் தென்காசி வண்டிய தூத்துக்குடின்னு மைக்குல சொல்லிருவோம். சொன்னது தப்புன்னு தெரிஞ்சா, திரும்ப மைக்க எடுத்துச் சொல்லணும். சனத்தத் தப்பு வண்டில ஏத்திட்டு, தொண்ட கட்டிட்டுன்னு இருக்க முடியுமா?" கையைக் கழுவப் போய்விட்டார்கள்.

பெயர் எழுதிய பட்டியலை எடுத்தேன். நாற்பத்து மூன்று பெயர். நவராத்திரியில் நாமும் அவர்கள் வீட்டுக்குத் தாம்பூலம் வாங்கப் போக வேண்டியதுதானே? போன இடத்தில் சொல்லிவிடலாம்.

எதைச் சொல்வது என்று யோசித்தபோது ஒரு கணக்கு உதித்தது. பிரபஞ்சத்தை இன்றைக்கு எண்பது வயதுக் கிழவர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் படி வெளிச்சம் புறப்பட்டபோது பிரபஞ்சம் ஆரம்பித்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் வருடம். எண்பது வயதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு? பால் அட்டையின் பின்பக்கத்தில் வகுத்தேன். மூன்று முறை வகுத்தேன். பத்தொன்பது மணி நேரம்!

அம்மாடி! பிறந்து பத்தொன்பதே மணி நேரம் ஆன குழந்தையின் போட்டோ நம்மிடம் இருக்கிறது! வெந்நீர்கூட ஊற்றியிருக்க மாட்டார்கள்! அதை நான் கிழவர் என்று சொல்லி விபூதி பூசி உட்கார வைத்திருக்கிறேன். வெட்கத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக அடுக்களையில் நின்று சிரித்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

முதலில் பிரமு அக்கா வீடு. எதற்கும் ஒரு துணிச்சல் வரட்டும் என்று.

"எக்கா, ஒங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். மேல இருக்கது தாத்தா இல்ல. பிறந்த பிள்ள. தப்பக் கண்டுபிடிச்சதே நீங்கதான்."

"நானா? நான் என்னத்தளா கண்டேன்?"

போட்டோவைச் சொன்னேன். பத்தொன்பது மணி நேரத்தைச் சொன்னேன். வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்தபடி நின்றவள் ஒரே சத்தமாகச் சிரித்தாள். "அடிப்பாவி! பச்சப்பிள்ளைக்கா தாடிய ஒட்டி மேல ஒக்கார வச்சிருக்க!"

அவ்வளவுதான். இது போதும். மூன்று நாள் நின்று விளக்கினேனே, அதில் ஏறாதது இந்த ஒரு தாடியில் ஏறிவிட்டது. நான் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அவள் பின்வாசல் வழியாக முந்திப் போய் அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளை முந்துவதற்கு வெளிச்சத்தால்தான் முடியும்.

இன்று மட்டும் இருபத்தாறு வீடு. எல்லா வீட்டிலும் நான் தப்பு என்று சொன்னதும் முகம் மலர்கிறது. சரி என்று நினைத்துச் சொன்னபோது கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள், தப்பு என்றதும் கேள்வி கேட்கிறார்கள்! "அப்ப அந்தப் பிள்ள இப்ப எப்படி இருக்கும்?" என்று ஒருத்தி. "நம்மள மாதிரிதான் வளந்து கெடக்கும். அங்க இருந்து பாத்தா நாமதான் பிறந்த பிள்ள" என்றேன். சொன்னபிறகு எனக்கே உடம்பு சிலிர்த்தது.

திரும்பும்போது தெருமுனையில் அவர்கள் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஏதோ வேலையாம். என் கையிலிருந்த தேங்காய்ப் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அக்டோபர் 21, சனி

மீதிப் பதினேழில் பதினாறு ஆயிற்று. ஒருத்தி மட்டும் மதுரைக்குப் போய்விட்டாள். போஸ்ட் கார்டு எழுதினேன். "மேல்படியில் இருப்பது குழந்தை. நான் சொன்னது பிழை. மன்னிக்கவும். சுண்டல் கிண்ணத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்." அவர்கள் வேலைக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டார்கள்.

செண்பகம் வீட்டில் என்னைத் திணற வைத்துவிட்டாள். "அந்த மொத வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது, அத்தை? கெழக்கா, மேக்கா?"

"எல்லாப் பக்கமும் இருந்து."

"அதெப்படி? ஒரு எடத்துல நடந்திருந்தா ஒரு பக்கம் இருந்துதான வரணும்?"

வாசித்திருக்கிறேன். ஆனால் யாரும் என்னைக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து மெதுவாகச் சொன்னேன். "அது ஒரு எடத்துல நடக்கல. அப்ப எல்லா எடமும் அப்படித்தான் தகதகன்னு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. நீ நிக்கிற இந்த எடமும்தான். இங்க இருந்து அன்னைக்குப் புறப்பட்ட வெளிச்சம் இப்ப எங்கேயோ தூரத்துல யாருக்கோ தெரியுது. நமக்குத் தெரியிறது வேற எங்கேயோ இருந்து அன்னைக்குப் புறப்பட்டது."

பிரமு அக்கா அங்கேயும் இருந்தாள். "எங்க அடுப்படியும் அப்ப கொதிச்சுக்கிட்டா இருந்துச்சு?"

"ஒங்க அடுப்படி இப்ப இருக்கிற எடமும்தான்."

"அதான் இன்னும் வெக்க தாங்கல."

நாளை அஷ்டமி. சீக்கிரம் படுக்க வேண்டும். புடவை எதுவும் எடுத்து வைக்கவில்லை. அந்த மாம்பழ மஞ்சள் தானாகக் கட்டிலில் கிடக்கிறது.

அக்டோபர் 22, ஞாயிறு. அஷ்டமி

ஐந்து மணிக்கு ஜெபமணி டீச்சர் வந்தார்கள். ஐந்தே காலுக்கு வீடு நிரம்பிவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

டீச்சர் படிக்கு முன்னால் நின்று கீழிருந்து மேலே பார்த்தார்கள். ஒன்பதாம் படியில் கண் நின்றது. புருவம் ஏறியது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், 'டீச்சர், இந்தக் கொலு பிழை, எங்கே என்று நானே சொல்கிறேன்' என்று. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இந்த முறை தொண்டை உண்மையாகவே கட்டிவிட்டது.

"டீச்சர், அந்தத் தாத்தாவ நம்பிராதீய," என்று பின்னாலிருந்து பிரமு அக்காவின் குரல். "அது பச்சப்பிள்ள. பிறந்து பத்தொம்பது மணி நேரம்தான் ஆவுது."

"அப்படியா? பின்ன ஏன் தாடி?"

"இவ தப்பா வச்சிட்டா. பழசுன்னா கெழடுன்னு நெனச்சிட்டா. பழைய போட்டோவுல யாரு கெழடா இருப்பா, சொல்லுங்க?"

"எக்கா, நீங்க சொல்லுததும் தப்பு," என்று செண்பகம் குறுக்கே வந்தாள். "பிள்ள இப்ப பிள்ள இல்ல. அந்த வெளிச்சம் கெளம்பும்போதுதான் பிள்ள. இப்ப அதுவும் நம்மள மாதிரி வளந்திருக்கும்."

"நான் போட்டோவத்தானளா சொல்லுதேன்!"

"நீங்க பிள்ளைன்னுல்லா சொன்னீய!"

"போட்டோவுல இருக்க பிள்ளைய பிள்ளைன்னு சொல்லாம பேரன்னா சொல்லுவாங்க?"

மூலையிலிருந்து இன்னொரு குரல், அங்கிருந்து பார்த்தால் நாம்தான் குழந்தை என்று. அது எப்படி என்று ஒருத்தி. எல்லாப் பக்கமும் கொதித்தது, பிரமு அடுப்படியும் கொதித்தது என்று ஒருத்தி. டீச்சர் யார் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் நாற்காலியை விட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் சுண்டல் கிண்ணங்களை நிரப்பினேன். காது அங்கேயே இருந்ததில் நிறைய சிந்திவிட்டது.

"சரி, பிழைன்னு தெரிஞ்சிட்டுல்லா, மாத்தி வச்சிருக்கலாமே?" என்றார்கள் டீச்சர்.



"என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீய!" என்றாள் பிரமு அக்கா. "கலசம் வச்ச பெறவு கொலுவக் கலைப்பாகளா? வேதத்துல வந்து சர்ச்சுக்குப் போறவுகன்னாலும் இம்புட்டு வருசம் இந்த ஊருலதான இருக்கீய?"

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

புறப்படும்போது வாசலில் என்னிடம் மட்டும் கேட்டார்கள். "எல்லார் வீட்டுக்கும் போயா பிழைன்னு சொன்னீங்க?"

"நாப்பத்திரண்டு வீட்டுக்கு. ஒருத்திக்குக் கார்டு போட்டேன்."

டீச்சர் செருப்பை மாட்டாமல் நின்றார்கள். "பேராசிரியர் எழுதினதுல, 'மிகப் பழைய பால்வெளிகள்'னு பன்னெண்டு எடத்துல வருது. நான் ரெண்டு தடவ வாசிச்சேன். எனக்கு ஒண்ணும் உறுத்தல. வாசிக்கிறவ மனசுல அங்க ஒரு தாடி முளைக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. குங்குமம் வேண்டாம் என்று, பூவையும் தேங்காயையும் வாங்கிக்கொண்டு போனார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை என்பதை இரண்டாம் முறையாக எழுதுகிறேன். என்ன அர்த்தம்?

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி

நேற்று சரஸ்வதி பூஜை. நோட்டு, பேனா, அகராதி எல்லாம் பட்டுத்துணிக்குள் அடுக்கியிருந்தன. எழுதக்கூடாது, வாசிக்கவும் கூடாது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கு நீளமான நாள். நேற்று மிகவும் நீளம். போன் அடித்த போதெல்லாம் ஓடினேன். எரிவாயு, தங்கை, தவறான எண்.

இன்று காலை புனர்பூஜை முடித்துப் புத்தகங்களை எடுத்தேன். கற்பூரம் அணையவும் போன்.

"சங்கரவடிவு, தை மாசத்துக்குள்ள முடிச்சிருவீங்களா?"

"எதை, டீச்சர்?"

"நாப்பத்தெட்டுப் பக்கத்த."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நாற்காலியில் இருந்த அவர்கள் பேப்பரை மடித்து வைத்ததைப் பார்த்தேன், அதனால் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒரு நிபந்தன," என்றார்கள் டீச்சர். "ஒவ்வொரு பக்கத்தையும், இதுல கொஞ்சங்கூட அக்கற இல்லாத ஒரு ஆளுக்கு வாசிச்சுக் காட்டணும். அவுக எந்த வரியில எந்திரிச்சுப் போறாகளோ, அந்த வரிய அடிச்சிரணும். அப்படி யாராவது கெடைப்பாகளா?"

"கிடைப்பார்கள்" என்றேன்.

விஜயதசமி. தொடங்குவதற்கு இதைவிட நல்ல நாள் ஏது? தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டு ஒரு பக்கம் எழுதினேன். அவர்கள் நாற்காலியில், நான் எதிரே தரையில்.

"'பிரபஞ்சம் என்பது காலமும் வெளியும் பொருளும் ஆற்றலும் அடங்கிய முழுமை...'"

அவர்கள் எழுந்து போய் மோட்டார் போட்டார்கள்.

அடித்தேன். வேறு மாதிரி எழுதினேன். "'ஆதியில் பிரபஞ்சம் மிக வெப்பமாக இருந்தது...'"

தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க எழுந்தார்கள்.

அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதாமல், திரும்பி வந்து உட்கார்ந்த அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வருடமாகப் பார்க்கும் முகம். காதோரம் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. பிறகு எழுதி, வாசித்தேன்.

"'நாம் யாரையும் இந்த நொடியில் இருக்கிறபடி பார்த்ததே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரைக்கூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்க்கிறோம்.'"

எழுந்திருக்கவில்லை. பேப்பர் கீழே இறங்கியது.

"எம்புட்டு லேட்டு?"

எனக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தேன். ஏழடி இருக்கும். வெளிச்சம் ஓர் அடி நடக்க, ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஆகும். "ஒரு நொடிய நூறு கோடிப் பங்கு போட்டா அதுல ஏழு பங்கு."

கண்ணை மூடி யோசித்தார்கள். முப்பத்து நான்கு வருடம் வண்டி நேரம் எழுதியவர்கள்.

"அதெல்லாம் லேட்டுல சேராது. ரைட் டைம்தான்." நாற்காலியை என் பக்கமாக ஒரு அடி இழுத்துப் போட்டார்கள். "மேல வாசி."